வறண்டு கிடந்தாலும் அது ஓடைதான்!

கேள்வி-பதில் பகுதிக்கு வந்திருந்த கடிதங்களில் ஒன்றை ஆசிரியர் குழு எனக்கு அனுப்பியிருந்தது. ஒரகடம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு விவசாயி எழுதியிருந்தார்.

'எங்க ஊர் ஓடையில் வருஷத்துக்குப் பத்து மாசம் தண்ணீர் கிடையாது. இப்போ மேலேயிருந்து யாரோ கழிவுநீர் விடுகிறார்கள். மனு கொடுக்கலாம் என்றால், விவரம் தெரிந்தவர் ஒருத்தர், தண்ணியே ஓடாத இடம் எப்படி ஓடை ஆகும், அது வெறும் பள்ளம், சட்டத்தில் வராது என்கிறார். எங்க ஓடை சட்டப்படி ஓடையா, இல்லையா?'

நான்கு வரியில் பதில் எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால், இந்தக் கேள்வி ஓர் ஊரின் கேள்வி இல்லை. காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் ஏரிக்கும் ஏரிக்கும் நடுவே ஓடும் அத்தனை கால்வாய்களும் வருஷத்தில் பாதிக்கு மேல் காய்ந்துதான் கிடக்கின்றன. அதனால் நேரில் பார்த்துவிட்டே எழுதுவோம் என்று மாசி மாதக் கடைசியில் ஒரு காலைப்பொழுதில் வண்டியை எடுத்தேன்.

ஏரிகளுக்கு நடுவே ஒரு சாலை

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள்கோவில் போகும் சாலையில் காலை ஏழு மணிக்குப் போனால் பஸ்களைத்தான் பார்க்க முடியும். கம்பெனி பஸ், கம்பெனி வேன், அதற்கு நடுவே புது கார்களை அடுக்கிக்கொண்டு போகும் நீளமான லாரிகள். 1990-களின் பிற்பாதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்தது. பிறகு ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்து 2014-ல் மூடப்பட்டது. சாம்சங், ஃபாக்ஸ்கான், ஒரகடத்தில் ரெனோ-நிசான், பாரத் பென்ஸ், ராயல் என்ஃபீல்டு என்று வரிசை நீண்டது. வல்லம், வடகால், பிள்ளைப்பாக்கம், மாம்பாக்கம் என்று சிப்காட் பலகைகள் ஊர்ப் பெயர்களைவிடப் பெரிய எழுத்தில் நிற்கின்றன.

இந்த இடத்தின் பழைய வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். சாலை தெரியாது, ஏரிதான் தெரியும். ஸ்ரீபெரும்புதூர் ஏரி, பிள்ளைப்பாக்கம் ஏரி, வல்லம், மாத்தூர், ஒரகடம் என்று ஊருக்கு ஓர் ஏரி, சில ஊர்களில் பெரிய ஏரி, சித்தேரி, தாங்கல் என்று இரண்டு மூன்று. மேட்டு ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து ஓடைக்கு வரும். ஓடை அடுத்த ஏரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். பாலாற்றுத் தண்ணீரை இந்தப் பக்கம் கொண்டுவந்த கம்பன் கால்வாயும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணிதான். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து உபரிநீர் செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போகிறது. அதன் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. சென்னை குடிக்கிற தண்ணீரில் ஒரு பங்கு அது. மணிமங்கலம், சோமங்கலம் பக்கத்து உபரி அடையாற்றில் சேர்கிறது.

இவை புதிதாகத் தோண்டிய ஏரிகள் இல்லை. இதே மாவட்டத்து உத்திரமேரூரில், பத்தாம் நூற்றாண்டில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டில் 'ஏரி வாரியம்' என்று தனிக்குழுவே இருக்கிறது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற ஆங்கிலேயர் செங்கல்பட்டுச் சீமையின் சுமார் 2,000 கிராமங்களை அளந்தபோது, ஏரியையும் குளத்தையும் ஊர் ஊராகக் கணக்கெடுத்தார். நமக்கு முன்னால் இருந்தவர்கள் தண்ணீர் இருக்கிற இடத்தை எழுதி வைத்தார்கள். தண்ணீர் வருகிற வழியையும் எழுதி வைத்தார்கள். இன்றைய கதைக்கு அந்த இரண்டாவது விஷயம்தான் முக்கியம்.

பாலத்துக்குக் கீழே ஒரு ஈரம்

கடிதம் எழுதியவர் ஒரகடம் கூட்டுரோட்டுக்கு வந்து காத்திருந்தார். அறுபதை நெருங்கும் வயது. தன் பெயரும் ஊர்ப் பெயரும் வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொண்டார். காரணத்தையும் மறைக்கவில்லை.

"பெரிய பையன் இங்கதான் சார் ஒரு கம்பெனில கான்ட்ராக்ட்டுல இருக்கான். அவன் சம்பளத்துலதான் சின்னவ படிக்கிறா. நான் மனு போட்டு அவன் வேலைக்கு எதுனா ஆயிட்டா இன்னா பண்றது? போடாம வுட்டா கழனி போவுது."

இரண்டரை ஏக்கர் கழனி. ஒன்றரை ஏக்கரில் நவரை நெல், பொதி கட்டும் பருவம். ஏரி மதகு மூடி நாளாகிவிட்டதால் கிணற்றுத் தண்ணீரில்தான் பயிர் நிற்கிறது. கிணற்றுக்கும் ஓடைக்கும் நடுவே நூறு அடி கூட இருக்காது. வரப்போரம் சில குத்துகளில் இலை நுனி காய்ந்து, வாய்க்கால் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

"நேரா ஓடைக்குப் போலாம் வாங்கய்யா" என்றேன்.

சீமைக் கருவேலம் அடர்ந்த பள்ளம். நடக்கிற பாதையெல்லாம் மண் வெடித்திருந்தது. தை பிறந்ததிலிருந்து மழை இல்லை. ஆனால், சாலைக்குக் கீழே இருந்த சிறு பாலத்துக்கு வந்தபோது காலடியில் ஈரம். கொஞ்சம் மேலே போனால் முழங்கால் அகலத்துக்குக் கறுப்பாக ஒரு நீர்க்கோடு, ஓரத்தில் சோப்பு நுரை போல வெண்மை. முந்நூறு அடி தூரம் ஓடி, மணலில் இறங்கிக் காணாமல் போயிருந்தது.

"மழை இல்லை, ஏரி வழியலை. அப்போ இந்த ஈரம் எங்கேயிருந்து?" என்று கேட்டேன்.

"அதைத்தான் சார் நானும் கேக்கறேன். கேட்டா, இது ஓடையே இல்லன்றாங்க."

அந்த நீர் எங்கிருந்து வருகிறது என்று நான் எழுதப் போவதில்லை. ஒரு தொழிற்சாலையாக இருக்கலாம். தொழிலாளர் தங்கும் விடுதிகளின் கழிவாக இருக்கலாம். இரவில் வந்து கொட்டிவிட்டுப் போகும் டேங்கர் லாரியாகவும் இருக்கலாம். கண்ணால் பார்த்து யார் மேலும் பழி சொல்லக் கூடாது. அதைச் சோதித்துச் சொல்லத்தான் சட்டமும் வாரியமும் இருக்கின்றன. ஆனால், அந்த ஈரம் மண்ணுக்குள் இறங்கிய இடத்திலிருந்து பெரியவரின் கிணறு கண்ணுக்குத் தெரிகிற தூரம்.

பையில் இருந்த மீட்டரைக் கிணற்றுத் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். பாசன நீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொல்லும் மேல் எல்லை, மின்கடத்தும் திறன் 2,250 மைக்ரோ மோ. அதைத் தாண்டியிருந்தது. இது மட்டும் கழிவுநீருக்குச் சாட்சி ஆகாது. உப்பு மண்ணாலும் ஏறும், கிணறு வற்றினாலும் ஏறும். ஆனால், ஆய்வகத்துக்குக் கட்டாயம் அனுப்ப வேண்டும் என்று சொல்ல இது போதும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மரத்தடியில் உட்கார்ந்தோம். அவர் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்தார். பெரியவரின் கேள்விக்கு அங்கேயே பதில் சொன்னேன்.

தண்ணீர் என்பது நம் அரசியலமைப்பில் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. அதனால் ஆற்று மாசுக்கு நாடு முழுவதுக்கும் ஒரே சட்டம் போட நாடாளுமன்றத்துக்கு நேரடி அதிகாரம் இல்லை. சில மாநிலங்கள் தீர்மானம் போட்டுக் கேட்டுக்கொண்ட பிறகுதான், 252-ஆவது பிரிவின்படி, 1974-ல் நீர் (மாசு தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம் வந்தது. தமிழ்நாடு பிறகு அதை ஏற்றுக்கொண்டது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982 பிப்ரவரியில் அமைந்தது.

அந்தச் சட்டம் தான் காக்கிற நீரை 'நீரோட்டம்' என்ற ஒரே சொல்லுக்குள் அடக்குகிறது. இரண்டாவது பிரிவில் அதற்கு விளக்கம் இருக்கிறது. ஆறு அதில் வரும். ஓடுகிறதோ, தற்சமயம் வறண்டிருக்கிறதோ, எந்த நீர்வழியும் வரும். இயற்கையானதோ, மனிதர் வெட்டியதோ, எந்த உள்நாட்டு நீர்நிலையும் வரும். நிலத்தடி நீர் வரும். அரசு அறிவிக்கும் அளவுக்குக் கடல்நீரும் கழிமுகமும் வரும்.

"தற்சமயம் வறண்டிருக்கும் நீர்வழி. இதைச் சட்டத்திலேயே எழுதியிருக்காங்கய்யா. உங்க ஓடை பத்து மாசம் காய்ஞ்சிருந்தாலும் அது ஓடைதான்" என்றேன்.

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஐம்பது வருஷமா இருக்குதா சார் இது?" என்று மட்டும் கேட்டார்.

இருக்கிறது. அதே சட்டத்தின் 24-ஆவது பிரிவு, மாசுப் பொருளை நீரோட்டத்திலோ, கிணற்றிலோ, சாக்கடையிலோ தெரிந்தே விடக் கூடாது என்கிறது. 1988 திருத்தத்துக்குப் பிறகு 'நிலத்தின் மீதும்' என்ற சொற்கள் இருக்கின்றன. ஆக, இது ஓடையே இல்லை, வெறும் பள்ளம் என்று ஒருவர் வாதாடி வென்றாலும், வெறும் நிலத்தில் கழிவை ஊற்றவும் அவருக்கு உரிமை இல்லை.

ஒரு வேளாண் அலுவலராக நான் இன்னொன்றும் சொல்வேன். ஓடுகிற ஆற்றில் கழிவு கலந்தால் தண்ணீர் அதை நீர்க்கச் செய்து இழுத்துக்கொண்டு போகும். வறண்ட ஓடையில் கழிவோடு கலக்கத் தண்ணீரே கிடையாது. வந்த கழிவு வந்தபடியே மணலில் இறங்குகிறது. கீழே இருப்பது உங்கள் கிணற்றுக்கு வரும் ஊற்று. அப்புறம் முதல் மழை வந்ததும், பத்து மாதம் ஓடைத் தரையில் படிந்ததெல்லாம் ஒரே நாளில் அடுத்த ஏரிக்குப் போகிறது. அதனால் வறண்ட ஓடைக்குப் பாதுகாப்பு குறைவாகப் போதும் என்பது தலைகீழான எண்ணம். அதற்குத்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

அமெரிக்காவிலும் இதே சண்டை

நம் ஊர்ப் பெரியவர் கேட்ட கேள்வியைத்தான் அமெரிக்காவில் ஐம்பது வருஷமாக நீதிமன்றத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அங்கே 1972-ல் வந்த தூய நீர்ச் சட்டம், 'அமெரிக்காவின் நீர்கள்' எல்லாவற்றையும் காக்கும் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, எவையெல்லாம் அந்த நீர்கள் என்பதைத் தெளிவாக எழுதாமல் விட்டது. ஆறு வரும், சரி. ஆற்றில் சேரும் ஓடை? மழைக்கு மட்டும் ஓடும் பள்ளம்? ஓடைக்குப் பக்கத்துச் சதுப்பு நிலம்? ஒவ்வொரு அரசும் ஒவ்வொரு விதமாக விளக்கம் எழுதியது.

ஐடஹோ மாநிலத்தில் ஏரிக்குப் பக்கத்தில் வீடு கட்ட மண் கொட்டிய சாக்கெட் என்ற தம்பதியின் வழக்கில், 2023 மே மாதம் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஏறக்குறைய எப்போதும் தண்ணீர் இருக்கும் நீர்நிலையும், அதோடு இடைவெளி இல்லாமல் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் சதுப்பும் மட்டுமே மத்தியச் சட்டத்துக்குள் வரும் என்பது அதன் சாரம். அதனால் அங்கே பல சதுப்பு நிலங்கள் அந்தச் சட்டத்தின் கையை விட்டுப் போயின. மழைக்கு மட்டும் ஓடும் ஓடைகளின் நிலை என்ன என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

அந்த அளவுகோலை இங்கே கொண்டுவந்து வைத்தால் காஞ்சிபுரம் மாவட்டத்தில் எத்தனை ஓடை தேறும்? நம் சட்டத்தை எழுதியவர்கள் பருவமழை நாட்டுக்காரர்கள். 'தற்சமயம் வறண்டிருக்கும்' என்பதை அவர்கள் மறக்காமல் எழுதினார்கள். எழுதியதை நாம்தான் மறந்துவிட்டோம்.

ஏரிக்கு ஒரு விலக்கு

எல்லாச் சட்டமும் இப்படி அகலக் கை விரிப்பதில்லை. ஈரநிலங்களுக்கு என்று மத்திய அரசு தனியாக விதிகள் வைத்திருக்கிறது. 2010-ல் வந்த விதிகளில் ஏரி, குளம் போன்ற உள்நாட்டு நீர்நிலைகளும் ஈரநிலம் என்ற சொல்லுக்குள் இருந்தன. அதற்குப் பதிலாக 2017-ல் வந்த விதிகள், ஆற்றுப் படுகை, நெல் வயல் இவற்றோடு, குடிநீருக்கும் பாசனத்துக்கும் என்றே மனிதர் அமைத்த நீர்நிலைகளையும் விலக்கிவிட்டன.

பாசனத்துக்கு என்று மனிதர் அமைத்தது என்றால் அது நம் ஏரிதானே! ஆயிரம் வருஷமாகக் கரை கட்டிக் காத்ததே அதற்குக் குறையாகிவிட்டது. செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலும் கரிக்கிலியும்கூட ஏரிகள்தான். பறவைகள் வந்ததால் சரணாலயம் ஆகி, 2022-ல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்ததால் அவற்றுக்குத் தனிக் காவல் கிடைத்தது. பறவை தேடி வராத ஏரிக்கு அந்தக் காவல் இல்லை.

ஆனால், ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஈரநில விதியிலிருந்து ஏரி வெளியே போனாலும், 1974-ஆம் வருஷ நீர்ச் சட்டத்துக்குள் அது இருக்கிறது. 'இயற்கையானதோ, மனிதர் வெட்டியதோ' என்ற சொற்கள் அதற்காகத்தான். ஏரியில் கழிவு விட்டால் வாரியம் கேட்க முடியும், கேட்க வேண்டும். ஆக்கிரமிப்பு என்றால் 2007-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டம் இருக்கிறது. அதோடு, 2023-ல் நம் சட்டமன்றத்தில் நிறைவேறிய நில ஒருங்கிணைப்புச் சட்டத்தையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 100 ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டங்களின் இடத்துக்குள் ஓடையோ, வாய்க்காலோ, நீர்நிலையோ வந்தால் என்ன செய்வது என்பதற்கு அது வழிமுறை சொல்கிறது. உங்கள் ஊர்ப் பக்கம் பெரிய திட்டம் வருகிறது என்றால், உங்கள் ஓடை எந்த வரைபடத்தில் எப்படி இருக்கிறது என்று முன்கூட்டியே பார்த்துவைப்பது நல்லது.

பெயர் மாறினால் அளவும் மாறும்

"ஓடைன்னு சொன்னா இன்னா, பள்ளம்னு சொன்னா இன்னா சார், தண்ணி ஒண்ணுதானே?" என்று பெரியவரின் தம்பி இடையில் கேட்டார்.

ஒன்று இல்லை. சுற்றுச்சூழல் விதிகளின் பொதுத் தர அளவுகளில், சுத்திகரித்த கழிவுநீரை உள்நாட்டு நீர்நிலையில் விடுவதானால் பி.ஓ.டி. அளவு லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அதே நீரைப் பாசனத்துக்காக நிலத்தில் விடுவதானால் 100 வரை போகலாம். மிதக்கும் திடப்பொருளும் அப்படித்தான். நீர்நிலை என்றால் 100, நிலம் என்றால் 200. (பி.ஓ.டி. என்பது, நீரில் உள்ள அழுகும் பொருளைச் சிதைக்க எவ்வளவு ஆக்ஸிஜன் தேவை என்று காட்டும் அளவு. அது ஏறினால் மீன் மூச்சுவிட ஆக்ஸிஜன் இருக்காது.)

ஓடை என்ற பெயர் போய் வெறும் நிலம் என்ற பெயர் வந்தால், மூன்று பங்குக்கு மேல் அழுக்கான நீர் விதிக்கு உட்பட்டதாகிவிடும். காகிதத்தில் ஒரு சொல் மாறுவதால் கிணற்றில் இவ்வளவு மாறும்.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறொரு வட்டாரத்தில், பல வருஷமாக நிரம்பாத சிற்றேரி ஒன்றைப் பற்றி என் அறிக்கையில் 'பயன்பாட்டில் இல்லாத ஏரி' என்று எழுதினேன். பொய் எழுதவில்லை. நான் பார்த்த வருஷம் அதில் ஆடு மேய்ந்தது. பிறகு ஒரு நல்ல மழையில் அந்த ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்ததாகக் கேள்விப்பட்டபோது கூசிப்போனேன். தண்ணீர் இல்லாத நாளில் போய்ப் பார்த்துவிட்டு, நீர்நிலையே இல்லை என்று எழுதும் பேனா எவ்வளவு ஆபத்தானது என்று அன்றுதான் புரிந்தது.

பாலாறும் நொய்யலும் சொன்ன பாடம்

வறண்ட ஆறுதானே என்று விட்டால் என்ன ஆகும் என்பதை நாம் கண்ணால் பார்த்தாயிற்று. வேலூர்ப் பக்கம் பாலாறும் வருஷத்தில் பெரும்பாலும் மணல்தான். தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு அந்த மணலில் இறங்கியது. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பில், அந்தத் தோல் தொழிற்பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் ஓரளவோ முழுதுமோ சாகுபடிக்கு உதவாமல் போனது என்று குறிப்பிட்டிருக்கிறது. நம் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் எடுத்த கணக்கு அது. மாசு செய்தவரே இழப்பீடும் தர வேண்டும், கெட்டதைச் சீர்செய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்ற கொள்கையை அந்தத் தீர்ப்புதான் நாட்டின் சட்டம் ஆக்கியது.

நொய்யலும் மழைக்கு ஓடும் ஆறுதான். பாசனத்துக்காக 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கியது. விவசாயிகள் வழக்கு நடத்தினார்கள். 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாத முறைக்கு மாறினால்தான் ஆலை ஓட்டலாம் என்ற நிலை வந்தது.

இரண்டு இடத்திலும் வேலை தந்த தொழிலும் இருந்தது, கெட்டுப்போன கழனியும் இருந்தது. தொழில் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஒரகடத்துப் பெரியவரும் சொல்லவில்லை. அவர் பிள்ளையின் சோறு அங்கேதான் இருக்கிறது. கழிவைச் சுத்தம் செய்யும் செலவைத் தன் கிணறு கொடுக்கக் கூடாது என்றுதான் கேட்கிறார்.

நீங்கள் செய்ய வேண்டியது

ஓடையோரம் கழனி வைத்திருக்கும் யாருக்கும் இது பொருந்தும்.

1. முதலில் ஓடையின் சர்வே எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடம், புல வரைபடம், அ-பதிவேடு இருக்கும். அ-பதிவேட்டை அரசின் இணையதளத்திலும் பார்க்கலாம். அதில் ஓடைப் புறம்போக்கு, கால்வாய், ஏரி, குட்டை என்று எப்படிப் பதிவாகியிருக்கிறதோ அதன் நகலை வாங்கி வையுங்கள். ஏரியின் ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை, அதற்குக் குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியம் பொறுப்பு.

2. நோட்டுப் புத்தகம் ஒன்று போடுங்கள். என்றைக்கு, எத்தனை மணிக்கு, எந்தப் பாலத்துக்குக் கீழே, என்ன நிறத்தில், என்ன வாடையோடு தண்ணீர் வந்தது என்று எழுதுங்கள். அந்த வாரம் மழை பெய்ததா என்றும் எழுதுங்கள். மழை இல்லாத நாளில் வந்த தண்ணீர்தான் உங்கள் பலமான சாட்சி. தேதி தெரியும்படி போட்டோவும் எடுங்கள்.

3. கிணற்று நீரை மண், நீர் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பாருங்கள். மோட்டாரைப் பத்து, பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே நீரில் மூன்று தடவை அலசி, ஒரு லிட்டர் பிடியுங்கள். பெயர், சர்வே எண், தேதி ஒட்டுங்கள். கோடையில் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று என்று வருஷத்துக்கு இரண்டு முறை செய்தால் மாற்றம் தெரியும்.

4. நீங்களே பிடித்த கழிவுநீரை வைத்து யாரையும் தண்டிக்க முடியாது. வாரிய அலுவலர், நிறுவனத்துக்கு அறிவித்து, மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரை வைத்து எடுத்தால்தான் அது வழக்கில் செல்லும். 21-ஆவது பிரிவு அப்படிச் சொல்கிறது. அதனால் 'நடவடிக்கை எடுங்கள்' என்று பொதுவாக எழுதாமல், 'இந்த சர்வே எண் ஓடையில், இந்த இடத்தில், சட்டப்படி மாதிரி எடுங்கள்' என்று மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுதுங்கள். ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள்.

5. எந்த நிறுவனமும் கழிவுநீர் வெளியேற்ற வாரியத்தின் இசைவாணை வாங்கியிருக்க வேண்டும். எவ்வளவு, எங்கே, என்ன தரத்தில் விடலாம் என்ற நிபந்தனைகள் அதில் இருக்கும். அந்தப் பதிவேட்டைப் பாதிக்கப்பட்டவர் பார்க்கலாம் என்று 25-ஆவது பிரிவு சொல்கிறது.

6. வாரியம் அசையவில்லை என்றால், 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு நீங்களே நீதிமன்றத்தில் புகார் தரலாம். சென்னையில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. பொதுவான வழக்குக்கு 6 மாதம், இழப்பீட்டுக்கு 5 வருஷம் என்று அங்கே காலவரம்பு உண்டு. நாளைக் கடத்தாதீர்கள்.

7. ஓடையை நீங்களே மண் போட்டு அடைக்காதீர்கள். கோபம் நியாயமாக இருக்கலாம். ஆனால், அடைத்தால் நீங்கள்தான் குற்றவாளி ஆவீர்கள், மழைக்கு ஊரும் மூழ்கும். நுரைத் தண்ணீரில் மாட்டை விடாதீர்கள், அதைப் பயிருக்கும் இறைக்காதீர்கள்.

தண்டனை பற்றியும் ஒரு வார்த்தை. 2024-ல் நாடாளுமன்றம் கொண்டுவந்த திருத்தம், பல குற்றங்களுக்குச் சிறைக்குப் பதிலாக 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரை அபராதம் என்று மாற்றியது. முதலில் இமாச்சலப் பிரதேசம், ராஜஸ்தான், யூனியன் பிரதேசங்களுக்கு அது வந்தது. மற்ற மாநிலங்களில் சட்டமன்றம் தீர்மானம் போட்டு ஏற்றால் பொருந்தும். தண்டனையைத்தான் அது மாற்றியது. எது நீரோட்டம் என்ற விளக்கம் அப்படியே இருக்கிறது.

மார்ச் 22

சாயங்காலம் கிராம நிர்வாக அலுவலகத்துக்குப் போனோம். துணியில் ஒட்டிய பழைய வரைபடத்தை மேசையில் விரித்தார்கள். பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தன் கழனியைத் தேடிக் கண்டுபிடித்தார். அதை ஒட்டி மேலே போனது விரல். இரண்டு கோடுகளுக்கு நடுவே தனி சர்வே எண்ணோடு, நெளிந்து நெளிந்து, மேட்டு ஏரியின் கலங்கலில் தொடங்கித் தங்கள் ஊர் ஏரியில் முடியும் ஒரு பாதை. அ-பதிவேட்டைப் புரட்டினால் அந்த எண்ணுக்கு நேராக 'ஓடை' என்று எழுதியிருந்தது.

"எங்க அப்பா இதுலதான் சார் மடவை மீன் புடிப்பாரு" என்றார்.

எண்ணைச் சட்டைப்பையில் இருந்த பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டார். மனு போடுவதா, மகனிடம் கேட்டுவிட்டுப் போடுவதா என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. தனியாளாகப் போடத் தயக்கமாக இருந்தால் ஊராகச் சேர்ந்து கேட்கலாம் என்று மட்டும் சொன்னேன். மார்ச் 22 உலக தண்ணீர் தினத்தன்று எல்லா ஊராட்சியிலும் கிராமசபை உண்டு. அங்கே யார் பேரையும் சொல்ல வேண்டாம், யாரையும் குற்றம் சாட்ட வேண்டாம். இந்த எண் ஓடையில் மழை இல்லாத நாளில் வரும் தண்ணீரை வாரியம் வந்து சோதிக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் போதும்.

"எண்ணைப் படிச்சா போதுமா சார்?"

"முதல்ல எண்ணைப் படிங்கய்யா. அது ஓடைன்னு ஊர் நோட்டுல ஏறட்டும்."

திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. ஷிப்ட் முடிந்து பஸ்கள் வரிசையாக எதிரே வந்தன. அதில் ஒன்றில் அவர் மகனும் இருந்திருப்பான். சாலையோரம் வரிசையாகச் சிறு பாலங்கள். காலையில் போகும்போது நான் எண்ணவில்லை. வரும்போது எண்ணிக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு பாலத்துக்கும் கீழே ஓர் ஓடை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அங்கே பாலம் எதற்குக் கட்டினார்கள்?